காய்ந்து நிற்கும் மரத்தை அறுக்கலாமா, விறகாக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்ட ஓரத்திலோ வீட்டுக் கொல்லையிலோ ஒரு பெரிய மரம் பட்டுப்போய் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் "நல்ல கட்டை, ரெண்டு வாசல் நிலை எடுக்கலாம்" என்கிறார். விறகு வியாபாரி "உள்ளே ஒண்ணும் இருக்காது" என்று சொல்லி ஒரு விலை வைக்கிறார். இரண்டு பேருமே மரத்தின் உள்ளே பார்க்கவில்லை. நல்ல மரம் அடுப்புக்குப் போவதும், உளுத்த மரத்துக்கு வண்டிக் கூலியும் அறுப்புக் கூலியும் கொடுத்து ஏமாறுவதும் நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கின்றன. இரண்டையும் தவிர்க்க முடியும். மரத்தின் பருமனைப் பார்த்து முடிவெடுக்காமல், அதில் மிச்சமிருக்கும் வைரத்தை, அதாவது நடுவில் இறுகிய கட்டையை, அளந்து முடிவெடுத்தால் போதும்.

முதலில், மரம் உண்மையிலேயே செத்துவிட்டதா?

இதை உறுதி செய்யாமல் ஆளைக் கூப்பிடாதீர்கள். கோடையில் தேக்கு முழுசாக இலை உதிர்த்து நிற்கும். வாகை காய்ந்த நெற்றுகளோடு மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கும். வேம்பு இன்னும் அதிகமாக ஏமாற்றும். கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் பல இடங்களில் வேப்ப மரங்கள் நுனியிலிருந்து கருகி, தீப்பட்டது போலப் பழுப்பாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அது நுனிக்கருகல் நோய். பூஞ்சையும் தேயிலைக் கொசு என்கிற பூச்சியும் சேர்ந்து செய்கிற வேலை. செத்தது போலத் தெரிந்த அந்த மரங்களில் பெரும்பாலானவை மறுபடி துளிர்த்தன.

சோதனை எளிது. ஒரு சிறு கிளையை ஒடித்துப் பாருங்கள். பிறகு அடிமரத்தில் மூன்று நான்கு இடங்களில் கத்தியால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சையோ ஈரமோ தெரிந்தால் உயிர் இருக்கிறது. எல்லாப் பக்கமும் பழுப்பாகக் காய்ந்து, பட்டை தானாகவே விட்டு வந்தால் செத்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் ஒரு மழைக்காலம் பொறுங்கள்.

வைரம் என்று சொல்கிறீர்களே, அதைத் தவிர மீதி எல்லாம் வீணா?

மரத்தின் குறுக்குவெட்டில் இரண்டு நிறம் தெரியும். பட்டையை ஒட்டியிருக்கும் வெளிர் பகுதியை ஆசாரிகள் வெள்ளை என்பார்கள். நடுவில் கறுத்தோ சிவந்தோ இருப்பது வைரம். சேகு என்றும் சொல்வார்கள். மரம் உயிரோடு இருக்கும்போது நீரை மேலே ஏற்றுவது வெள்ளைதான். மாவுச்சத்தும் அங்கேதான் இருக்கிறது. அதனால் மரம் செத்தவுடன் பூஞ்சையும் வண்டும் முதலில் அங்கே வருகின்றன. வைரத்தில் மாவுச்சத்து கிடையாது. மரம் தன் பாதுகாப்புக்காகச் சேர்த்துவைத்த பிசினும் கசப்பும் துவர்ப்பும் அதில் இருக்கின்றன. அதனால் அது தாங்குகிறது.

ஆக, செத்து நிற்கும் மரத்தில் வெள்ளையைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். அப்புறம் மிஞ்சுவதுதான் உங்கள் மரம். வைரமே பிடிக்காத முருங்கை, இலவு, கல்யாண முருங்கை போன்றவை செத்து நின்றால் அறுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

செத்து எவ்வளவு நாளானால் தாமதம் என்று சொல்லலாம்?

மரத்துக்கு மரம் மாறும். மா, ரப்பர் மாதிரி வெள்ளை அதிகமாக உள்ளவற்றுக்கு வாரக் கணக்கு. முதல் மழை நனைத்துவிட்டால் கட்டைக்குள் நீலக் கறை ஓடும். அது பூஞ்சைக் கறை. பலத்தை அவ்வளவாகக் குறைக்காது, ஆனால் பார்வை போய்விடும். அதற்குள் வண்டும் ஏறியிருக்கும். வேம்பு, பூவரசு, வாகை இவற்றுக்கு ஒரு வருடம் வரை பெரிய கவலையில்லை. அதற்குள் வெள்ளை போனாலும் வைரம் நிற்கும். முற்றிய தேக்கு சில வருடங்கள்கூடத் தாங்கும்.

தேக்கு விஷயத்தில் செத்து நிற்பது குறையே இல்லை. பிரிட்டிஷ் காலத்தில் பர்மாவில் வெட்ட வேண்டிய தேக்கு மரங்களை முன்கூட்டியே அடையாளமிட்டு, அடியில் சுற்றிலும் பட்டையையும் வெள்ளையையும் வளையமாகச் செதுக்கிவிடுவார்கள். மரம் நின்றபடியே சாகும். இரண்டு மூன்று வருடம் அப்படியே காய விட்டுத்தான் வெட்டுவார்கள். காரணம், பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, காய்ந்தது மிதக்கும். ஐராவதி ஆற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூன் மில்களுக்கு அனுப்பியது அப்படித்தான். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் அசையாமல் நிற்கும் பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்தவர்கள், நின்று செத்த மரம் என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒன்று. அந்த மரங்கள் ஆரோக்கியமாக இருக்கும்போதே வேண்டுமென்று சாகடிக்கப்பட்டவை. உங்கள் மரம் எப்படிச் செத்தது என்பதைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.

எதனால் செத்தது என்பது அவ்வளவு முக்கியமா?

எத்தனை நாள் ஆயிற்று என்பதைவிட இது முக்கியம் என்பேன். வறட்சியில் செத்த மரம், சாகும் நாள் வரைக்கும் உள்ளே நன்றாக இருந்த மரம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபிறகு கொங்கு மண்டலத்திலும் டெல்டாவிலும் அப்படி எத்தனையோ மரங்கள் காய்ந்தன. சாலை போடும்போது வேர் அறுபட்டுச் செத்தது, தண்ணீர் தேங்கி மூச்சு முட்டிச் செத்தது, பக்கத்தில் தீ வைத்ததில் பட்டை வெந்து செத்தது, இவையும் ஏறக்குறைய அப்படித்தான். உள்ளே கட்டை நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பூஞ்சையால் செத்த மரம் வேறு. அது வருடக்கணக்கில் உள்ளே அழுகி, கடைசியில்தான் இலை காய்ந்திருக்கிறது. இலை வாடியது போன மாதமாக இருக்கலாம். கட்டை கெட்டது ஐந்து வருடம் முன்பாக இருக்கலாம். தண்டுத் துளைப்பான் புழு தாக்கிய மாமரமும் பலாவும் இந்தக் கணக்குத்தான். விரல் நுழைகிற அளவு ஓட்டைகள் உள்ளே குறுக்கும் நெடுக்கும் ஓடும்.

இடி விழுந்த மரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியே ஒரு கோடு மட்டும்தான் தெரியும். உள்ளே நார் நாராகப் பிளந்திருக்கும். புயலில் மாட்டி ஒடியாமல் தப்பி, பிறகு மெல்லக் காய்ந்த மரத்திலும் எச்சரிக்கை வேண்டும். 2011 டிசம்பரில் வந்த தானே புயலுக்குப்பின் பண்ருட்டிப் பக்கம் பலா மரங்கள் ஏராளமாக விழுந்தன. விழாமல் நின்றவையும் பேயாட்டம் ஆடியவைதான். அப்படி வளைந்து நிமிர்ந்த மரத்தில், காற்று அடித்த பக்கத்துக்கு மறுபக்கத்து நார் மடங்கி, குறுக்கே மயிரிழை மாதிரி முறிவுகள் விழுந்திருக்கும். பலகையை இழைத்த பிறகுதான் கண்ணில் படும். அந்த மாதிரிக் கட்டையை உத்தரத்துக்கோ ஏணிக்கோ போடக்கூடாது. பெட்டி, அலமாரி என்றால் பரவாயில்லை.

வெட்டாமல் உள்ளே எப்படிப் பார்ப்பது?

கீழே இருந்து தொடங்குங்கள். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் விலக்கி, கடப்பாரை முனையால் வேர் இறங்கும் இடங்களில் குத்துங்கள். நல்ல கட்டையில் கடப்பாரை துள்ளும். மக்கிய கட்டையில் பொதுக்கென்று இறங்கும். அடியில் விசிறி மாதிரியோ தட்டு மாதிரியோ காளான் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த உயரத்தில் உள்ளே அழுகல் உண்டு. காளான் வெளியே காய்ப்பதற்கு முன்பே பூஞ்சை உள்ளே நெடுந்தூரம் பரவியிருக்கும்.

அடுத்து, கோடாலியின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே மரத்தைச் சுற்றி வாருங்கள். இறுகிய மரம் 'கிண்' என்று பேசும். பொந்து இருந்தால் 'தொப்' என்று பானைச் சத்தம் வரும். பட்டை விட்டுப்போன இடத்திலும் மந்தமான சத்தம் வரும் என்பதால், பட்டையை உரித்துவிட்டுத் தட்டுவது நல்லது. உரிக்கும்போது பட்டையின் அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரிந்துவிடும். மாவு மாதிரி மெல்லிய தூள் கொட்டினால் உளுவண்டு. மண் பூசிய பாதை இருந்தால் கறையான். கறையான் பட்டையை மட்டும் தின்றுவிட்டு வைரத்தைத் தொடாமல் போயிருக்கலாம். பதற வேண்டாம்.

இதற்குப் பிறகும் தெளிவில்லை என்றால் துளை போட்டுப் பார்ப்பதுதான் வழி. எட்டு மில்லிமீட்டர் அளவில் நீளமான துளைக்கம்பியைப் பொருத்தி, இடுப்பு உயரத்தில் ஒரு துளை, அடியில் ஒரு துளை போடுங்கள். கம்பியை அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைக் கையில் பிடித்துப் பாருங்கள். சுருள் சுருளாக, நிறம் பளிச்சென்று, அந்த மரத்துக்கே உரிய வாசனையோடு வந்தால் நல்ல வைரம். கறுத்து ஈரமாக, காளான் வாடையோடு மாவாக வந்தால் அழுகல். திடீரென்று கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் பொந்து. எத்தனை அங்குலத்தில் நிறம் மாறியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளையின் கனம் அதுதான். கீழே கணக்குப் போட அது வேண்டும்.

நடுவில் பொந்து இருப்பதாலேயே மரத்தை ஒதுக்க வேண்டாம். பொந்தைச் சுற்றி நாலைந்து அங்குலம் நல்ல வைரம் இருந்தால் சட்டங்களும் குறுகிய பலகைகளும் எடுக்கலாம்.

மரத்தில் நீளமாக வெடிப்பு விட்டிருக்கிறதே?

நின்று காய்ந்த மரத்தில் வெடிப்பு வருவது இயற்கை. வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, உள்பக்கம் ஈரமாக அப்படியே இருக்கிறது, அதனால் வெளிப்பக்கம் வெடிக்கிறது. வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். மேலிருந்து கீழ் நேர்கோடாக ஒரே வெடிப்பு ஓடினால் கவலையில்லை. அந்த வெடிப்பின் வழியாகவே முதல் வாளை ஓட்டச் சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் முழுப் பலகை கிடைக்கும். வெடிப்பு மரத்தைச் சுற்றிக்கொண்டு திருகி ஏறினால், நாரே திருகிய மரம் அது. அதில் எடுக்கும் ஒவ்வொரு பலகையும் குறுக்கே வெடிப்பு வாங்கும், காயும்போது முறுக்கிக்கொள்ளும். தைல மரத்தில் இது சர்வசாதாரணம். அதைக் கம்பமாகவோ விறகாகவோ விட்டுவிடுங்கள்.

எவ்வளவு பலகை தேறும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

மரக்கடையில் போடும் கணக்கையே போடலாம். மரத்தின் நடுப்பகுதிச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. சுற்றளவு 60 அங்குலம், நேரான அடிமரம் 10 அடி என்று வையுங்கள். 15 பெருக்கல் 15, பெருக்கல் 10, வகுத்தல் 144. ஏறக்குறைய 15.6 கன அடி. இந்தக் கணக்கு உருளையின் உண்மையான கன அளவில் சுமார் 78 சதவீதத்தைத்தான் காட்டும். சதுரிக்கும்போது கழியும் பக்கங்களுக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

இப்போது செத்த மரத்துக்கான திருத்தம். 60 அங்குலச் சுற்றளவு என்றால் விட்டம் சுமார் 19 அங்குலம். பட்டை அரை அங்குலம், வெள்ளை இரண்டு அங்குலம், இரு பக்கமும் சேர்த்து ஐந்து அங்குலம் போனால் வைரத்தின் விட்டம் 14. அதன் சுற்றளவு 44. அதே கணக்கைப் போட்டால் 11 பெருக்கல் 11, பெருக்கல் 10, வகுத்தல் 144. வருவது 8.4 கன அடி. பார்வைக்கு அதே மரம்தான், ஆனால் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. இரண்டு அங்குல வெள்ளை என்பதைச் சின்ன விஷயமாக நினைக்கிறோம். அது வெளிச்சுற்றில் இருப்பதால்தான் இவ்வளவு கழிகிறது.

இதிலும் வாள் தின்னும் தூள், வெடிப்பு, கணு எல்லாம் போகும். ஆறு கன அடி கையில் வந்தால் நல்ல அறுப்பு. அது எதற்குக் காணும்? நான்குக்கு மூன்று அங்குலச் சட்டத்தில், ஏழடி உயரம், மூன்றரை அடி அகலத்துக்கு ஒரு நிலை செய்ய மொத்தம் 21 அடி சட்டம் வேண்டும். அது ஒன்றே முக்கால் கன அடி. அப்படியானால் மூன்று நிலை தேறும். ஐந்தடிக்கு இரண்டரை அடி மேசையின் மேல்பலகை, ஒரு அங்குலக் கனத்தில், ஒரு கன அடிக்குச் சற்று மேல். இந்த மாதிரிக் கணக்குப் போட்டுவிட்டு, மரம் வெட்டும் கூலி, வண்டி வாடகை, அறுப்புக் கூலி மூன்றையும் கேட்டுக் கூட்டி, அதே அளவு மரத்தைக் கடையில் வாங்கினால் என்ன ஆகும் என்று விசாரியுங்கள். முடிவு தானாகத் தெரியும்.

பொதுவாகச் சொன்னால், வைரத்தின் விட்டம் பத்து அங்குலத்துக்குக் கீழே, நேரான நீளம் ஆறடிக்குக் கீழே என்றால் மில்லுக்கு ஏற்றுவது நஷ்டம். தேக்கும் ஈட்டியும் மட்டும் விதிவிலக்கு.

எந்தெந்த மரம் என்னவாகும்?

வேம்பு பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். முற்றிய வேம்பில் சிவந்த வைரம் பெரிதாகவே இருக்கும். கதவு, நிலை, அலமாரி எல்லாவற்றுக்கும் வரும். பூச்சி எளிதில் அண்டாது. இழைக்கும்போது நார் இரு திசையில் ஓடுவதால் ஆசாரி கொஞ்சம் அலுத்துக்கொள்வார். ஆனாலும் செத்த வேம்பை விறகுக்கு விற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பலாவின் வைரம் மஞ்சள். நாளாக நாளாகக் காப்பி நிறத்துக்குப் போகும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உகந்த மரம். பெரிய சுற்றளவில், உள்ளே கெடாத பலா இருந்தால் விறகு வியாபாரியிடம் பேசும்முன் வாத்தியம் செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பூவரசு ஒருபோதும் நேராக வளராது, ஆனால் வைரம் அருமை. சின்னச் சின்னத் துண்டுகளும் மரச்சாமான்களுக்கு உதவும். வாகையும் அப்படியே.

புளியில் ஏமாறுபவர்கள் அதிகம். மரம் இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் அளவு இருக்கும், உள்ளே கருஞ்சிவப்பு வைரம் ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும். மீதி எல்லாம் வெள்ளை. செத்து ஒரு வருடம் நின்ற புளியில் வெள்ளை சல்லடையாகியிருக்கும். நல்ல நிலையில் இருந்தால் கறிவெட்டும் கட்டைக்கு அதைப்போல வேறு மரம் கிடையாது.

மா செத்த புதிதில் என்றால் பெட்டிப் பலகை, சென்ட்ரிங் பலகை. தாமதித்தால் விறகு. கருவேல் இரும்பு மாதிரி இறுகும், கைப்பிடி, முளைக்குச்சி, கலப்பை வேலைக்கு ஆகும். சீமைக்கருவேலத்தைக் கேவலமாக நினைக்கிறோம். தடித்த அடிமரம் கிடைத்தால் அது சுருங்காத, முறுக்காத நல்ல கட்டை. நீளம்தான் கிடைக்காது. அரசும் ஆலும் வேண்டாம்.

தென்னையும் பனையும்?

இவற்றுக்குக் கணக்கே தலைகீழ். நடுவில் வைரம் கிடையாது. இறுகிய பகுதி வெளி ஓரத்தில். நடுவில் மெத்தென்ற சோறு. அதனால் துளை போட்டுப் பார்க்கும்போது முதல் இரண்டு மூன்று அங்குலம் கல் மாதிரி இருந்து பிறகு மெதுவானால் அதுதான் சரியான நிலை. அடிமரத்தின் கீழ்ப்பாதிதான் உதவும், மேலே போகப் போக எல்லாம் மெத்து.

தென்னை செத்தால் தாமதிக்காதீர்கள். கூன்வண்டு குருத்தைத் தின்று செத்ததென்றால் அடிப்பாதி நன்றாக இருக்கும். தஞ்சாவூர் வாடல் நோயில் செத்ததென்றால் அடியில்தான் அழுகல். பட்டையில் செம்பழுப்பு நீர் வடிந்த தடம் இருக்கும். அதை அறுக்க வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு: செத்த தென்னையை நிறுத்தி வைத்தால் மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பக்கத்துத் தோப்புக்குப் போகும்.

வயதான பனையின் கறுத்த வெளிமரம் ஓட்டு வீட்டுக்குக் கைமரமாகத் தலைமுறை தாண்டி நிற்கும். ஆனால் தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். பட்டுப்போன பனைதானே என்று நீங்களாக முடிவு செய்யாமல் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

செத்த மரத்துக்குமா அனுமதி வேண்டும்?

சிலவற்றுக்கு வேண்டும். சந்தனம் உங்கள் பட்டா நிலத்திலேயே செத்து நின்றாலும் வனத்துறை வழியாகத்தான் எடுக்க முடியும். ஈட்டியையும் வனத்துறையைக் கேட்காமல் தொடாதீர்கள். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சமவெளியிலும் தேக்கு போன்றவற்றை வண்டியில் ஏற்றினால் 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள் குறுக்கே வரும். வெட்டும்முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, பட்டா நகலும் கிராம நிர்வாக அலுவலர் சான்றும் கையில் வைத்துக்கொண்டால் வழியில் வண்டி நிற்காது.

சாலையோரப் புளியும் புறம்போக்கு வேம்பும் உங்கள் வாசலில் நின்றாலும் அரசுடையது. இலங்கையில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும்.

நானே வெட்டலாமா?

வேண்டாம். பச்சை மரம் விழும்போது நார் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மெல்லச் சாயும். காய்ந்த மரம் பிடிக்காது, பட்டென்று முறியும், நினைத்த பக்கம் விழாது. அடியில் கோடாலி போடும் அதிர்ச்சியிலேயே மேலே இருக்கும் காய்ந்த கிளை தலையில் இறங்கும். காய்ந்த மரம் வெட்டிப் பழகிய ஆளைத்தான் கூப்பிட வேண்டும். அவர் கிளைகளைக் கயிறு கட்டி இறக்கிய பிறகுதான் அடிமரத்தைத் தொட வேண்டும். மின்கம்பி அருகில் என்றால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் வேலை. அடி அழுகிய மரத்தில் யாரையும் ஏற விடாதீர்கள். அதற்குக் கிரேன் வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

மில்லில் ஆணி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். எதற்கு?

ஒரு ஆணி போதும், வாளின் பற்கள் போய்விடும், தெறித்து ஆளையும் காயப்படுத்தும். வீட்டோர மரத்திலும் சாலையோர மரத்திலும் விளம்பரத் தகடு, கொடிக்கம்பி, வேலிக் கம்பி, துணி காயப்போட அடித்த கொக்கி என்று எல்லாம் உள்ளே புதைந்திருக்கும். மரம் வளர்ந்து மூடிவிடுவதால் வெளியே தெரியாது. பட்டையை உரித்தபின், துவர்ப்புள்ள மரங்களில் கருநீலக் கறை தென்பட்டால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். தெருவோர மரமென்றால் கீழ் ஆறடியில் கட்டாயம் எதிர்பாருங்கள். உலோகம் கண்டுபிடிக்கும் சின்னக் கருவி வாடகைக்குக் கிடைத்தால் வாங்கித் தடவிப் பாருங்கள். சாமி மரமாகக் கும்பிடப்பட்டிருந்தால் வேல், சூலம், மணி எல்லாம் இருக்கும். மில்காரரிடம் மறைக்காதீர்கள்.

நின்றே காய்ந்துவிட்டதே, உடனே கதவு செய்யலாமா?

முடியாது. கிளை காய்ந்திருக்கும், மேல்மரம் ஓரளவு காய்ந்திருக்கும், அடிமரத்தின் நடுவில் ஈரம் இன்னும் இருக்கும். பச்சை மரத்தைவிடக் காத்திருக்கும் காலம் குறைவு, அவ்வளவுதான்.

வெட்டியவுடன் தடியின் இரு முனைகளிலும் பழைய பெயிண்ட் பூசுங்கள். ஊர்ப்பக்கம் சாணம் பூசுவார்கள், அதுவும் உதவும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போய் வெடிப்பு விழுகிறது. அறுத்த பலகைகளை நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரே கனமுள்ள ஓரங்குல ரீப்பர்களை (மெல்லிய சட்டங்களை) இரண்டடிக்கு ஒன்று வைத்து அடுக்குங்கள். ரீப்பர்கள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பலகை அலை அலையாக வளையும். மேலே கல் ஏற்றுங்கள். ஒரு சிறு பலகைத் துண்டை அதே அடுக்கில் வைத்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் ஆசாரியைக் கூப்பிடலாம். ஓரங்குலப் பலகைக்கு நம் வெயிலில் சில மாதங்களில் அது நடக்கும். நிலைச் சட்டங்களுக்கு அதைவிட நிறையப் பொறுமை வேண்டும்.

அதிலிருக்கும் பூச்சி வீட்டுக்குள் வந்துவிடாதா?

வரும், வெள்ளையை விட்டுவைத்தால். உளுவண்டு பலகையோடு வீட்டுக்குள் வந்து, ஒரு வருடம் கழித்துக் கட்டிலுக்கு அடியில் மாவு கொட்டும்போதுதான் தெரியும். அதனால் அறுக்கும்போதே வெள்ளையைச் சுத்தமாகக் கழித்துவிடச் சொல்லுங்கள். கொஞ்சம் விட வேண்டியிருந்தால் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலைப் பூசலாம். இது ஈரமான கட்டையில்தான் நன்றாக உள்ளே இறங்கும். ஆகவே அறுத்த அன்றே, ஈரம் இருக்கும்போதே தோய்த்துவிடுங்கள். காய்ந்தபின் பூசினால் மேலோடு நின்றுவிடும்.

அறுக்கவும் வேண்டாம், விறகாக்கவும் வேண்டாம். அப்படியே விடலாமா?

வீடு, பாதை, மின்கம்பி மேல் விழாத இடமென்றால் தாராளமாக விடலாம். கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் பொந்துள்ள செத்த மரங்களில் குஞ்சு பொரிக்கின்றன. பனங்காடைக்கு மொட்டைப் பனைதான் வீடு. வைரம் இல்லாத மரத்துக்கு மில்லில் கிடைக்கும் மதிப்பைவிட இது பெரிய மதிப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெட்டுவதென்று முடிவானாலும், பொந்தில் கூடு இருக்கிறதா என்று ஒரு காலையும் ஒரு மாலையும் நின்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். தென்னை மட்டும் விதிவிலக்கு, காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

மில்லில் என்ன சொல்லி அறுக்கச் சொல்வது?

போகும்முன் ஆசாரியிடம் அளவுப் பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். "பலகையாப் போட்டுடுங்க" என்று சொன்னால், எல்லாவற்றையும் ஒரே கனத்தில் அறுத்துத் தந்துவிடுவார்கள், பிறகு நிலைக்குச் சட்டம் இருக்காது. ஓரங்குலம் வேண்டுமென்றால் ஒன்றேகால் அறுங்கள்; சுருக்கத்துக்கும் இழைப்புக்கும் அந்தக் கால் அங்குலம் போகும். பேண்ட் சா, அதாவது நாடா போல ஓடும் வாள், உள்ள மில்லாகப் பாருங்கள். வட்ட வாளைவிட அதன் பட்டை மெல்லியது, தூளாகப் போவது பாதிக்கும் குறைவு. காய்ந்த வைரம் வாளைச் சீக்கிரம் மழுக்கும் என்பதால் கூலி சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள், அது நியாயம்தான்.

முதல் பக்கத்துண்டு கழன்று விழுந்ததும் நிறுத்தச் சொல்லி உள்ளே பாருங்கள். வெடிப்பு எங்கே ஓடுகிறது, பொந்து எங்கே தொடங்குகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். தேவைப்பட்டால் தடியைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். நட்டநடு மையம் எந்தப் பலகையிலும் சட்டத்திலும் சேராதபடி ஒதுக்கிவிடுங்கள். அது இருக்கிற துண்டு நிச்சயம் வெடிக்கும். கழித்த பக்கத்துண்டுகளையும் வெள்ளையையும் தனியாக ஏற்றி வந்து விறகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பலகை அடுக்கும் இடத்திலிருந்து தள்ளி.